புழுத்த மன்னாவுக்கு நானே ஸ்டோர் கீப்பர்

முறத்தில் அரிசி நகர்ந்துகொண்டிருந்தது. முறத்தை யாரும் தொடவில்லை. அது மேசைமேல் சும்மா கிடந்தது. மேசையைச் சுற்றிச் சபைக் கமிட்டியின் ஏழு ஆண்களும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம். அரிசி மட்டும் தன் பாட்டுக்கு ஊர்ந்தது. வெள்ளைப் புழுக்கள் மணிமணியாகக் கோத்து நூல்கூடு கட்டியிருந்தன. ஒரு கறுப்பு வண்டு முறத்தைவிட்டு இறங்கி, நான் எழுதிக்கொண்டிருந்த நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறி, செயலாளர் என்ற என் கையெழுத்தைக் கடந்து, அப்புறம் என்ன நினைத்ததோ, திரும்பி வந்து அதன்மேலேயே நின்றுகொண்டது. முறத்தைக் கொண்டுவந்து வைத்தவள் என் மச்சினி. "எண்ணிக்கிடுங்க அத்தான்," என்றாள். "ஒண்ணு ஓடிப்போனாலும் உங்க ஸ்டாக் தப்பிரும்லா."

அறுபதுகளின் கடைசி அது. எனக்கு முப்பது ஆகவில்லை. தி.நகரில் மோட்டார் உதிரி பாகம் விற்கும் ஒரு கம்பெனியின் குடோனில் ஸ்டோர் கீப்பர். மந்தைவெளியில் இரண்டு அறை வீடு. நான், ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவி, அவளுடைய தங்கை. மச்சினி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வார்டுக்குள் நுழைந்தால் டாக்டர்களே சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள் என்று கேள்வி. என்னைவிட ஐந்து வயது இளையவள். ஆனாலும் வீட்டில் அவள் "அத்தான்" என்று கூப்பிட்டால், அந்த ஒரு சொல்லிலேயே என்மேல் எத்தனை புகார் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வீட்டிலும் உலை வைக்கும்போது முதல் கைப்பிடி அரிசியை அடுப்பங்கரை டப்பாவில் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் களைவார்கள். அதுதான் பிடி அரிசிக் காணிக்கை. ஞாயிற்றுக்கிழமை டப்பாக்கள் எல்லாம் பீடத்தின் முன்னால் இருக்கும் பெரிய கூடையில் கவிழும். ஆராதனை முடிந்ததும் கூடை நேராகப் பட்டினப்பாக்கம் கடலோரக் குடிசைகளுக்குப் போய்விடும். வாங்குகிறவர்கள் எந்தச் சாமி கும்பிடுகிறார்கள் என்று கேட்கக் கூடாது. அன்று பொழுது சாய்வதற்குள் கூடை காலியாகிவிட வேண்டும். மறுநாளைக்கு ஒரு மணிகூட வைக்கக் கூடாது. வனாந்தரத்தில் பசித்த இஸ்ரவேலருக்குத் தினமும் வானத்திலிருந்து விழுந்த மன்னாவை மறுநாளுக்கு மிச்சம் வைத்தவர்களின் பாத்திரம் புழுத்து நாறிய கதையைப் படித்த யாரோ ஏற்படுத்திய விதி. கூடையைத் தூக்கிக்கொண்டு போகும் பொறுப்பு மச்சினியுடையது.

அந்த வருஷம் ஊரில் அரிசி இல்லை. ரேஷன் கடையில் கோதுமையும் மக்காச்சோளமும் போட்டார்கள். அரிசி வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் தெருவே பையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. எனக்குள் உட்கார்ந்திருந்த ஸ்டோர் கீப்பர் விழித்துக்கொண்டான். பிறக்கப்போகும் பிள்ளையின் முகம் தெரியவில்லை. அதன் பசி மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பஸ்ஸில் பக்கத்து ஆள் மடியில் பை இருந்தால் அது அரிசியா ரவையா என்று விரலால் அழுத்திப் பார்க்கும் அளவுக்கு முற்றியிருந்தேன். ஒரு தடவை அழுத்தியது அந்த ஆளின் தொடை. அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இந்த நிலையில்தான் கமிட்டியில் எழுந்து நின்றேன். கூடையில் பாதியை மட்டும் கொடுப்போம், மீதியை நெருக்கடிக் காலத்துக்கென்று ஆலயத்தின் பின்னறையில் டிரம்மில் போட்டு மூடியைப் பூட்டி வைப்போம் என்றேன். பயந்த ஒருவன் பேசினால் பயந்த ஆறு பேருக்கு அது ஞானமாகக் கேட்கிறது. தலைவர் ஐயா, ஓய்வுபெற்ற தாசில்தார், "தம்பிக்கு நல்ல முன்யோசனை" என்று தோளில் தட்டினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சாவி என் இடுப்புக்கு வந்தது. இதில் விசேஷம் என்னவென்றால், அதற்கு இரண்டு மாதம் முன்புதான் போதகர் ஊரில் இல்லாத ஒரு ஞாயிறு மன்னாவைப் பற்றி நானே பிரசங்கம் பண்ணியிருந்தேன். இஸ்ரவேலரின் அவிசுவாசத்தைக் கிழிகிழி என்று கிழித்து, நாற்பது நிமிஷம் வியர்வை சிந்தியிருந்தேன்.

பாதிக் கூடையைத் தூக்கிக்கொண்டு மச்சினி பட்டினப்பாக்கம் போனாள். அடுத்த வாரமும் பாதி. கடல் கொந்தளிக்கும் மாதங்கள். கட்டுமரங்கள் மணலில் கிடந்தன. மூன்றாவது ஞாயிறு மீன்காரம்மா ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தையோடு ஆலய வாசலுக்கே வந்துவிட்டாள். "இன்னா சார், போன மாசம் வரிக்கும் உங்க சாமிக்கு ரெண்டு கை இருந்திச்சே, இப்ப ஒரு கை எங்க பூட்ச்சு?" என்றாள். "நெருக்கடிக்கு வச்சிருக்கோம்மா," என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நெருக்கடியா? அது எப்ப வருதாம்? வந்தா எங்க ஊட்டாண்ட சொல்லி அனுப்பு நைனா. நாங்க அதைப் பாத்ததே இல்ல பாரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். மச்சினி சிரிக்கவில்லை. அவள் கண் குழந்தையின்மேல் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "அந்தப் பிள்ளைக்கு இன்னும் ரெண்டு மாசம் நிறையல. அம்மாவுக்குக் கஞ்சி இல்ல, அதனால பால் இல்ல. வாராவாரம் தூக்கிப் பாக்கேன், ஏறல, இறங்குது. எனக்கு இது வேலை அத்தான், கையில எடுத்தாலே தெரியும். இன்னும் ரெண்டு வாரம் இப்படிப் போனா வார்டுக்கும் தூக்கிட்டுப் போக வேண்டாம்." நான் என் மனைவியின் வயிற்றைப் பார்த்தேன். இன்னொரு பிள்ளையின் எடை என் பிள்ளையின் பங்கிலிருந்துதானே வர வேண்டும் என்று என் புத்தி கணக்குப் போட்டது. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும். மச்சினி எழுந்து போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு கமிட்டிக் கூட்டத்தின் நடுவில்தான் முறம் வந்தது. கடற்காற்றும் ஒழுகும் ஓடும் சேர்ந்து டிரம் மூடியின் ஓரத்தைத் துருவேற்றித் தின்றிருந்தன. அந்த இடுக்கில் கைவிட்டு மச்சினி அள்ளியிருக்கிறாள். தலைவர் ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு, "வெயில்ல காயவைச்சு, வேப்பிலை போட்டு வச்சா நிக்கும். டிரம் மட்டும் புதுசா வாங்கணும்," என்றார். ஆறு தலைகள் ஆடின. என்னுடையதும் அதில் ஒன்று.

"ஐயா, ஒரே ஒரு கேள்வி," என்றாள் மச்சினி. "இஸ்ரவேல் ஜனம் எகிப்துல அடிமையா இருந்தப்ப என்ன வேலை பாத்தாங்க?"

"செங்கல் சுட்டாங்க," என்றார் தலைவர் ஐயா.

"சுட்டு என்ன கட்டினாங்க? பார்வோன் ராஜாவுக்கு குடோன் கட்டினாங்க. ஊர் ஊரா குடோன். அதுலேர்ந்து பிச்சிக்கிட்டு வெளிய வந்தாங்க. வந்த இடத்துலயும் ஆளுக்கொரு குடோன்னா, பேசாம அங்கயே இருந்திருக்கலாம்லா? வனாந்தரத்துல நடந்த நடையாவது மிச்சம்."

"ஏம்மா, நீ கமிட்டி மெம்பர் இல்ல. வெளிய போய் நில்லு."

"நிக்கிறேன். சாவியோட நிக்கிறேன்," என்று என் பக்கம் கையை நீட்டினாள்.

அந்த நொடியில் நான் வீரமாகச் சாவியை எடுத்துக் கொடுத்தேன் என்று எழுத எனக்கு மிகுந்த ஆசை. நடந்தது வேறு. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிக்கொள்ளத்தான் பார்த்தேன். வியர்வையில் வழுக்கி அது கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுத்துக்கொண்டாள். "சாவியைத் திருப்பி வாங்குங்க தம்பி!" என்று தலைவர் ஐயா மேசையைத் தட்டினார். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே கலகம் அதற்குப் பிறகு நடந்தது: நான் எழுந்திருக்கவில்லை. "முடியாதுங்க ஐயா," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால் இன்னொரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சத்தம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது, வண்டுகூட ஓடிவிட்டது.

அன்று பகல் முழுக்க ஆலய முற்றத்தில் பாய் விரித்து அரிசி காய்ந்தது. கமிட்டிக்காரர்களின் மனைவிமார் புடைத்தார்கள். மீன்காரம்மா குழந்தையை என் மனைவி மடியில் போட்டுவிட்டு வந்து சலித்தாள். சாயங்காலத்துக்குள் டிரம் காலி. மன்னாவைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசியபோது எனக்குப் புரியாதது ஒன்று அன்று புரிந்தது. இஸ்ரவேலரின் பசி பொய்யல்ல. முறுமுறுத்ததற்காக அவர்களை ஏளனம் செய்யும் எங்களைப் போன்ற பிரசங்கிகள் பெரும்பாலும் காலைப் பலகாரம் முடித்துவிட்டு வருகிறவர்கள். பசிக்கிறது என்று கத்தியதற்கு மேலிருந்து ஆகாரம் வந்தது, தண்டனை வரவில்லை. சேர்த்து வைத்த பாத்திரம்தான் நாறியது. ஒரு நாளில் எகிப்தை விட்டுக் கிளம்பிவிட்டார்கள்; எகிப்து அவர்களை விட்டுக் கிளம்ப நாற்பது வருஷம் பிடித்தது. எனக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

ஏனென்றால் ஒரு விஷயத்தை நான் இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. என் வீட்டில், என் தலையணைக்குள் பஞ்சுக்கு நடுவில் நான்கு படி அரிசி இருந்தது. பிடி அரிசியல்ல, நானே வரிசையில் நின்று வாங்கியது. ஆனாலும் மனைவிக்குத் தெரியாது. அந்த வாரம் முழுக்க அந்த அரிசிமேல் தலைவைத்துப் படுத்துப் பார்த்தேன்; பிடரி வலித்தது. அடுத்த ஞாயிறு கூடையில் எந்த அற்புதமும் நடக்கவில்லை. முந்திய வாரத்தைவிடக் குறைவாகத்தான் விழுந்தது, அதிலும் பாதி கோதுமை. மச்சினி அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். நான் ஆராதனைக்குப் போட்ட கோட்டோடு, பட்டப்பகலில், கக்கத்தில் தலையணையை இடுக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் வழிவிட்டார்கள். குடிசை வாசலில் மீன்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இன்னா சார், இங்கியே தூங்கப் போறியா? கொசு கடிக்கும்!" தையலைப் பிரித்தேன். அரிசி அவள் சட்டியில் கொட்டக்கொட்ட அவள் சிரிப்பு நின்றது. மச்சினி குழந்தையைக் கையில் வாங்கி, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்திருந்தாள். "இறங்கல அத்தான்," என்றாள். ஏறியது என்று சொல்லவில்லை. அது ஏற இன்னும் மூன்று ஞாயிறு ஆனது. அந்த மூன்று ஞாயிறும் கூடை காலியாகத்தான் திரும்பியது.

இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கடையில் அரிசி மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறது. ஆனாலும் விடிந்தால் முதலில் கதவைத் தட்டுவது அந்தப் பயம்தான். மகளுக்கு என்ன, முதுமைக்கு என்ன, நாளைக்கு என்ன என்று அதே கேள்விகளோடு வருகிறது. முப்பது வயதுக்கு முன்னால் ஒரு தடவை தைரியமாக இருந்தேனே என்று அதனிடம் சொல்லிப் பார்த்தால் செல்லுவதில்லை. தைரியமும் அன்றன்றைக்குப் பொறுக்கி அன்றன்றைக்கே தின்ன வேண்டிய பண்டமாக இருக்கிறது. ஆகவே காப்பிக்கு முன்னால், பல் விளக்காத வாயோடு, முடியாது போ என்று தினமும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்று காலையும் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால் இன்னொரு தடவை சொன்னேன்.