மத்திகிரியில் எங்கள் புது வீட்டுக்கு வந்த முதல் ஆள்

லாரியில் தகடு தகடாக வந்து இறங்கிய ரெடிமேட் வீட்டை, சுற்றிலும் கம்பெனிகளாக இருக்கும் மத்திகிரியில் நட்டு போல்ட் போட்டு நிறுத்தி, இன்று காலை பால் காய்ச்சினோம்.

முதலில் வந்தவர் முன்பின் தெரியாத ஒரு பெண். கையில் பயோடேட்டா, தோளில் சாப்பாட்டுப் பை.

"அண்ணா, ஆள் எடுக்கறாங்களா?"

"இது கம்பெனி இல்லம்மா, எங்க வீடு."

சுவரைத் தட்டிப் பார்த்தார். டங்கென்றது.

"எல்லாக் கம்பெனி வாட்ச்மேனும் இப்படித்தாண்ணா ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பறாங்க."

வாழ்நாள் சேமிப்பையெல்லாம் கொட்டி நிறுத்திய வீட்டுக்கு நான் வாட்ச்மேன்!

என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரை உட்காரவைத்துக் கேசரி கொடுத்தாள். சாப்பிட்டு முடித்தவர் என்னிடம் சொன்னார்:

"கேன்டீன் நல்லாருக்குதுண்ணா. வேலைக்கு எப்ப வரட்டும்?"

என்ன நிறத்தில் பெயிண்ட் அடித்தால் இது வீடு மாதிரித் தெரியும்? சீக்கிரம் சொல்லுங்கள். வாசலில் இன்னும் மூன்று பேர் பயோடேட்டாவோடு நிற்கிறார்கள், கேசரி தீரப்போகிறது.