ஓடைக்காரரின் மவுஸ் பேட்

ஓடைக்காரர் என்றால் ஓடைக்குச் சொந்தக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். மனிதர் ஆயுளில் முழங்கால் அளவுத் தண்ணீரில்கூட இறங்கியதில்லை. வரைபட அலுவலகத்தில் வேலை. பழைய காகித வரைபடங்களை ஸ்கேன் செய்து கணினித் திரையில் போடுவார்கள்; அதன் மேல் மவுஸைப் பிடித்துக் கோடு இழுக்க வேண்டும். சுவர், வேலி, சாலையெல்லாம் மற்றவர்களுக்கு. அவை நேர்க்கோடுகள், இந்த முனையில் ஒரு தட்டு, அந்த முனையில் ஒரு தட்டு, முடிந்தது. ஓடை அப்படியா? பொத்தானை அழுத்திய விரலை எடுக்காமல், நெளிவு நெளிவாகக் கூடவே போக வேண்டும். இருபத்தாறு வருடமாக அங்கே வந்த ஓடையெல்லாம் இவர் கைக்குத்தான் வந்தது. இவர் இழுத்த கோட்டைப் பார்த்து நிஜ ஓடையே தன் போக்கைத் திருத்திக்கொண்டது என்பார்கள். இரண்டு ஓடைகள் திருத்திக்கொண்டதை நானே விசாரித்து வைத்திருக்கிறேன். மூன்றாவதுதான் கொஞ்சம் சந்தேகம்.

அந்தக் கையில் போன வருடம் ஒரு சின்ன அதிர்வு வந்தது. முதலில் சவரம் செய்யும்போது தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. காரணம் அண்ணன். அண்ணன் பெயர்ப்பலகை எழுதியவர். இதே வயதில் அவருடைய எழுத்துகளுக்கு முதலில் மீசை முளைத்தது, அப்புறம் வால் முளைத்தது. இப்போது சட்டைப் பொத்தானை அண்ணிதான் போட்டுவிடுகிறாள். தனக்கும் அதுதானா என்று உறுதியாகத் தெரியாத வரைக்கும், அது இல்லை என்று சொல்லிக்கொள்ளலாமே.

அந்த நேரம் பார்த்து அலுவலகத்தை மேல்மாடிக்கு மாற்றினார்கள். புது மேலாளருக்குப் பளபளப்பில் மோகம். எல்லா மேசைக்கும் கண்ணாடி போட்டுவிட்டார். கண்ணாடியில் வைத்த மவுஸ் என்ன செய்யும்? அதன் வயிற்றடியில் இருக்கும் வெளிச்சம் கண்ணாடியை ஊடுருவிப் போய்விடும். எங்கே நகர்கிறோம் என்று அதற்கே தெரியாது. அம்புக்குறி தத்துக்கிளியாகக் குதித்தது. மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே காலண்டர் அட்டையையும் கோப்பு உறையையும் மவுஸுக்கு அடியில் விரித்துக்கொண்டார்கள். ஓடைக்காரர் மட்டும் ஒன்றும் விரிக்கவில்லை. அவருக்கு அது கடவுள் அனுப்பிய கண்ணாடி.

கோடுகளைச் சரிபார்க்கிற பெண், சிவப்பு வட்டம் போட்டுப் போட்டுத் திருப்பி அனுப்பினாள். அம்மை கண்ட குழந்தைகள் மாதிரி வந்து சேர்ந்தன ஓடைகள். மேசை சரியில்லை என்றார் இவர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று வேலி இழுக்கிறவர்கள் கேலி செய்தார்கள். கேலி சுட்டது. பாதி ரோஷம், பாதி பயம். உட்கார்ந்து மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். வெளிச்சம் எப்படி ஊடுருவுகிறது, அம்புக்குறி எத்தனை தடவை குதிக்கிறது, எல்லாம் படத்தோடு நான்கு பக்கம். மேலாளர் எதையும் படிக்கிற ரகமில்லை என்ற தைரியம்தான். வீட்டில் மனைவியிடமும் அதே பாட்டு: எல்லாம் கண்ணாடியால் வந்த வினை, ஒரு மவுஸ் பேட் போட்டால் சரியாகிவிடும்.

போதாத காலம், மேலாளர் படித்துவிட்டார். படித்து, பாராட்டி, பத்தே நாளில் மேசைக்கு ஒன்றாகக் கறுப்புத் துணி மவுஸ் பேட் வரவழைத்து, யாரும் தூக்கிக்கொண்டு போகாதபடி பசை போட்டு ஒட்டவும் சொல்லிவிட்டார். ஒட்டுவதை ஓடைக்காரர் பக்கத்தில் நின்று பார்த்தார், தன் குழிக்குத் தானே அளவு கொடுத்தவர் மாதிரி.

சின்ன ஓடை ஒன்றை எடுத்து இழுத்தார். அருமையான பேட். குதிப்பு அடியோடு நின்றுவிட்டது. அம்புக்குறி கை போன இடமெல்லாம் போனது, நின்ற இடத்தில் நின்றது, நடுங்கிய இடத்தில் நடுங்கியது. கண்ணாடியாவது பத்துப் பொய்க்கு நடுவில் ஓர் உண்மையை ஒளித்து வைத்திருந்தது. இது மயிரிழை பிசகாமல் ஒப்பித்தது. கோடு முழுக்க ரம்பப் பல்.

சரிபார்க்கிற பெண் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிவப்பு வட்டம் போடவில்லை.

"இந்தப் பல்லெல்லாம் பழைய படத்துல இல்லையேண்ணே."

"இல்லம்மா."

"எவ்வளவு நாளா?"

"கண்ணாடிக்கு முன்னாடியே."

அவள் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். பிறகு, வேலிப் பக்கம் மாற்றச் சொல்லிக் கேளுங்கள், தட்டுகிற வேலைதானே, முழங்கையை ஊன்றிக்கொண்டு தட்டிவிடலாம், மேலாளரிடம் நானே பேசுகிறேன் என்றாள்.

"எங்கண்ணனும் அப்படித்தாம்மா, கொஞ்ச நாள் பெரிய பெரிய எழுத்தா எழுதி ஓட்டினாரு" என்றார் அவர்.

"வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"பேட் வந்தா சரியாயிடும்னு சொல்லி வச்சிருக்கேன்."

சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே மனைவி அதைத்தான் கேட்டாள். பேட் வந்துவிட்டது என்றார். எப்படி வேலை செய்கிறது என்றாள். ரொம்ப நன்றாக வேலை செய்கிறது என்றார். அதில் ஒரு பொய்யும் இல்லை. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் கையைப் பார்த்தாள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். டம்ளரில் பாதிதான் இருந்தது.

இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.