அக்கரைக்கு ஒரு வக்கீல்

ஜார்ஜ் டவுனில் வக்கீல்களுக்குக் குறைவில்லை. ஃபெரி ஏறித் தீவைவிட்டு அக்கரைக்குப் போனால் மருந்துக்குக்கூட ஒருத்தர் கிடையாது. ரப்பர் தோட்டத்து ஜனங்கள் வழக்கென்று வந்தால் கங்காணியைக் கேட்பார்கள், இல்லையென்றால் முனீஸ்வரனைக் கேட்பார்கள்.

நான் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த ஆபீசின் வக்கீல் ஐயா தமிழர். நச்சரித்து நச்சரித்து அவரைச் சனிக்கிழமைதோறும் அக்கரையில் இருக்கும் சுங்கை பாக்காப்புக்கு இழுத்துப்போனவன் நான்தான். காப்பிக்கடையில் ஒரு மேசை, அதுதான் ஆபீஸ். கடல்காற்று, குலுங்கும் பஸ், வாசலிலேயே எங்களுக்காக நிற்கும் கூட்டம். அடடா, அந்தச் சனிக்கிழமைகளை இனி யார் கொடுப்பார்கள்!

தோட்டத்து ஆட்களிடம் ஒரு பழக்கம். துரை எதிரில் நின்றாலே கை கும்பிடும், வாய் "தப்புத்தான் துரை, மன்னிச்சிருங்க" என்றுவிடும். என்ன தப்பு என்று கேட்டால் தெரியாது. அவர்களுக்கு அது மரியாதை. கோர்ட்டிலோ குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று எழுதி, ஜெயிலுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் காப்பிக்கடையில் நான் மாஜிஸ்ட்ரேட்டாக உட்கார்ந்து, "என்னா, திருடினியா?" என்று அதட்டிப் பழக்குவேன். என்னையே கும்பிட்டு, "தப்புத்தான் துரை" என்பார்கள். தலையில் அடித்துக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் பெண் ஒருத்தி அழுதுகொண்டே வந்தாள். கட்டிப்பால், அதாவது உறைந்த ரப்பர், திருடியதாக அவள் புருஷனை லாக்கப்பில் வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை விசாரணை.

"அவரு எடுக்கல ஐயா. ஜெயிலுக்குப் போயிட்டா லயத்து வீட்ட விட்டு வெரட்டிருவாங்க. ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?"

திங்களன்று ஐயாவுக்கு டவுனில் கொலைக்கேஸ். வேறு வக்கீல் யார் இருக்கிறார்?

"கேஸ தள்ளிவெக்கத் தவணை கேட்டு எழுதித் தர்றேன், கிராணி கொண்டு வருவாரு. அதுக்குள்ள ஒன் வீட்டுக்காரரு தப்புத்தான்னு சொல்லிட்டா, அப்புறம் நான் வந்தும் பிரயோசனமில்லம்மா" என்றார் ஐயா.

திங்கட்கிழமை அந்தக் கடிதத்தைக் கோர்ட்டு குமாஸ்தாவிடம் கொடுத்தேன். அந்த மகராசன் அதைக் கட்டுக்கு அடியில் செருகிவிட்டான். கேஸைக் கூப்பிட்டார்கள். வெள்ளைக்கார மாஜிஸ்ட்ரேட்டைக் கண்டதும் அவள் புருஷன் கை மேலே போயிற்று. "தப்பு" வரைக்கும் வந்துவிட்டது.

"யோவ்! வாய மூடுய்யா! எடுக்கலன்னு எங்கிட்ட சொன்னியே, அத சொல்லுய்யா!" என்று பின்னாலிருந்து அலறினாள் அவள்.

பியூன் அவளை வெளியே தள்ளினான். கும்பிட்ட கையை இறக்காமலே, "நான் எடுக்கல துரை" என்றான் புருஷன். அப்புறம்தான் குமாஸ்தாவுக்குக் கடிதம் ஞாபகம் வந்தது. தவணை கிடைத்தது. அடுத்த விசாரணைக்கு ஐயா வந்து வாதாடி அவனை விடுவித்தார். புருஷன் வெளியே வந்ததும் அவள் திட்டிய திட்டு இருக்கிறதே, நான் காதைப் பொத்திக்கொண்டேன். சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு.

இந்தக் கதை தோட்டம் தோட்டமாகப் பரவிவிட்டது. அடுத்த சனிக்கிழமை தாசேக் கெலுகோரிலிருந்து, அவ்வளவு தொலைவிலிருந்து, ஒரு பெண் வந்தாள். அவள் தம்பிக்குப் புதன்கிழமை கேஸ். ஐயாவுக்கு அன்றைக்கும் முடியாது என்றேன்.

"அப்ப அந்தக் கத்துன அக்காவயாச்சும் அனுப்புங்க லா" என்றாள்.

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.