சயனைடு மேட்டில் நான் போட்ட கல் கரை

இந்த ஊரில் காலையில் எழுந்ததும் முதல் வேலை குடத்தைக் கழுவுவது. முந்தின நாள் கழுவிக் கவிழ்த்து வைத்த குடம்தான். ஆனாலும் அதன்மேல் சாம்பல் நிறத் தூள் படிந்திருக்கும். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டிலிருந்து காற்று கொண்டுவருவது அது. தங்கம் எடுக்க அரைத்து, சயனைடு கலந்து அலசிய பாறையின் மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி மலையாக்கி வைத்திருக்கிறார்கள். சயனைடு மேடு என்பார்கள். கல்யாணமாகி ஜவ்வாது மலையிலிருந்து கேஜிஎஃப் என்னும் இந்தத் தங்கவயலுக்கு வந்த புதிதில், "இதுல இன்னா பயிர் வெப்பீங்க?" என்று கேட்டுவிட்டேன். சுரங்கத் தொழிலாளிகளுக்கென வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள் மொத்தமும் சிரித்தன. அன்றிலிருந்து எனக்கு 'மலைக்காரம்மா' என்று பெயர்.

தூளோடு குடித்தனம் நடத்திவிடலாம். மழையோடு முடியவில்லை. முன்பு நாள் கணக்கில் தூறிய மழை இப்போது ஒரு மணி நேரத்தில் மொத்தமாகக் கொட்டுகிறது. மேடு கரைந்து சந்துக்குள் வருகிறது. எங்களுக்கு அடுத்து, பள்ளத்தில் இருப்பது ஸ்டெல்லா அக்கா வீடு. அவருடைய சமையலறைச் சுவர்தான் முதல் அடி வாங்கும். போன மழைக்கு அது உள்பக்கமாக உப்பிவிட்டது. இன்னும் இரண்டு மழை தாங்குமா என்று யாருக்கும் தெரியாது.

சிமெண்டில் தடுப்புச் சுவர் எழுப்பலாம் என்றார்கள். நான் சண்டைக்குப் போனேன். எங்கள் மலையில் சரிவை வெட்டிப் படிப்படியாகச் சாமை விதைக்கிறோம். ஒவ்வொரு படிக்கும் வெறும் கல் கரைதான். கல்லுக்கு நடுவே சந்து இருந்தால்தான் தண்ணீர் வடியும், கரை நிற்கும். பூசி அடைத்தால் தண்ணீர் பின்னால் தேங்கி மொத்தத்தையும் தள்ளிவிடும். இது எனக்குத் தெரியும். தெரியும் என்ற திமிரில் நானே கல் சுமந்து மூன்று வரிசை கட்டினேன்.

அடுத்த மழையில் கரை நின்றது. மண் நிற்கவில்லை. கல் சந்துகளில் கஞ்சி போல ஒழுகி ஸ்டெல்லா அக்காவின் அடுப்புவரை வந்துவிட்டது.

"உங்க மலையில கீறது மண்ணும்மா. இது மாவு. மாவுக்குப் போயி கல்லு அடுக்கினியே" என்றார் அவர், முறத்தால் சேற்றை அள்ளிக்கொண்டே. நானும் கூட அள்ளினேன்.

அவர் கணவர் அருளப்பன் அண்ணன் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். என் கரையைச் சுற்றிவந்து பார்த்தார்.

"கல்லு சரிதான். பின்னால கோணி எங்க? சுரங்கத்துக்குள்ள கீழ லெவல்ல கல்லு எடுத்த குழியை இதே மண்ணாலதான் ரொப்புவோம். குழி வாயில கோணி கட்டித்தான் மண்ணைத் தண்ணியில கரைச்சி உள்ள விடுவோம். தண்ணி போவும், மண்ணு நிக்கும். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

கேட்கத் தோன்றவில்லை. மலையைப் பற்றி எனக்கு எவன் சொல்வது என்று இருந்துவிட்டேன்.

கோணிகளைப் பிரித்துக் கல்லுக்குப் பின்னால் வைத்து மூன்று வரிசையையும் திரும்பக் கட்டினோம். அந்த வாரமே ஊரிலிருந்து என் அண்ணன் போன் செய்தான். அங்கேயும் மழை மாறிவிட்டது. கரை நிற்கிறது, மேல்மண் மட்டும் சந்து வழியாக ஓடிவிடுகிறது. சிமெண்ட் பூசப்போவதாகச் சொன்னான்.

"பூசாத. பின்னால கோணி வெச்சி, சின்னக் கல்லா ரொப்பு" என்றேன்.

"கேஜிஎஃப் போயி சாக்கு வியாபாரம் கத்துக்கினியா?" என்றான். நன்றாகத் திட்டினேன். ஒரு படிக்கு மட்டும் வைத்துப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டான்.

கோணி எத்தனை மழைக்கு வரும்? மக்கிவிடும். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. எங்கள் மலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எல்லாம் நமக்குத் தெரியும் என்று பேசிக்கொண்டிருக்காதீர்கள். நமக்குத் தெரிந்தது பழைய மழை.

ஐப்பசி மழை கிழக்கிலிருந்து வரும். முதலில் எங்கள் மலை, பிறகு இந்த ஊர். நேற்று மத்தியானம் அண்ணன் கூப்பிட்டான். "வந்துடுச்சி புள்ளே, கேக்குதா?"

கேட்டது. ஒரு காதில், போனுக்குள், அண்ணன் வீட்டுத் தகரக் கூரைமேல் மழை இரைச்சல். இன்னொரு காதில் ஸ்டெல்லா அக்கா: "இன்னாம்மா மலைக்காரம்மா, துணியை எடுத்துடலாமா?"

இங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "எடுங்கக்கா" என்றேன். போனை அணைக்காமல் கரைக்குப் போய், வெளியே நீட்டிக்கொண்டிருந்த கோணி நுனியைக் கல்லுக்கடியில் மிதித்துச் செருகினேன். கோணி வைத்த படி நிற்கிறதா என்று அண்ணனைக் கேட்டேன். இரைச்சலில் அவன் சொன்னது விளங்கவில்லை. மறுபடி கேட்டேன். காலைக் கோணிமேலிருந்து எடுக்கவில்லை.