ஜப்பான் சாமியிடம் பூக்கேட்டது

ஜப்பானில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்க நானும் வீட்டுக்காரரும் போனோம். போன மறுநாளே, கூட வேலை செய்யும் ஜப்பான்காரப் பெண்ணைக் கூட்டிவந்து நிறுத்தி, "இவளக் கட்டிக்கறனுங்கம்மா" என்றான். எங்கள் ஊர் அன்னூரில் அவனுக்காக நான் ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்! ஆனால் மாட்டேன் என்று சொல்லிக் கெட்ட பேர் வாங்க நான் என்ன கேனச்சியா? "சாமிகிட்டப் பூக்கேட்டு, வந்தாச் செய்யலாம் கண்ணு" என்று பழியைச் சாமி தலையில் போட்டேன்.

எங்கள் பக்கம் கல்யாணமோ கிணறோ, பூக்கேட்காமல் எதுவும் நடக்காது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத ஒருத்தரை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பென்றால் ஆகாது. குலதெய்வம் இருப்பது தாராபுரத்துப் பக்கம். ஊருக்குப் போய்க் கேட்பதற்குள் பையன் மனசு மாறாதா என்பது என் கணக்கு. அவனா விடுவான்? தெருமுனையில் இருந்த சின்ன ஷிண்டோ கோயிலுக்கு இழுத்துப் போனான்.

தொட்டியில் கைகழுவிவிட்டுப் போய்ப் பார்த்தால் சிலையே இல்லை. சாத்திய மரக்கதவுதான். "ஏனுங்க, சாமியே காணோம், யாருகிட்டக் கேக்கறது?" என்றேன்.

"நம்மூர்ல மட்டும் என்னவாம் அம்மணி? மூணு கல்லத்தான கும்புடறோம்?" என்றார் வீட்டுக்காரர். நான் எது சொன்னாலும் அவர் எதிர்க்கட்சி.

கடையில் வாங்கிய பூக்களைக் காகிதத்தில் சுருட்டிப் போட்டேன். கண்ணை மூடி என்ன வேண்டினேன் என்கிறீர்கள்? சிவப்பு வரட்டும் என்றுதான். கோயிலில் ஈ காக்கை இல்லை. விவரம் தெரியாத ஆள் அந்தப் பெண் ஒருத்திதான். அவளையே எடுக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே எடுத்துப் பிரித்தாள்.

சிவப்பு.

மகன் முகம் செத்துப்போனது. "சரிங்கம்மா" என்றான், தரையைப் பார்த்து. சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஜெயித்தது நான், அவன் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அவளோ ஒன்றும் புரியாமல் இன்னொரு பொட்டலத்தையும் பிரித்து, இரண்டு பூவையும் சேர்த்துச் சாமி முன்னால் வைத்து, இரண்டு தரம் கைதட்டிக் கும்பிட்டாள்.

"என்ன கண்ணு பண்றா?"

"இங்கெல்லாம் நல்ல காரியம்னா செவப்பும் வெள்ளையும் சேந்துதானுங்கம்மா வெப்பாங்க."

"அப்பறமென்ன? இது இந்த ஊர்ச் சாமி. இந்த ஊரு வழக்கப்படிதான சொல்லும்?"

வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். முறைத்தேன். மூடிக்கொண்டார்.

மகன் மெதுவாக நிமிர்ந்தான். "என்னடா பாக்கற? போய் அவ பக்கத்துல நின்னு கும்புடு" என்றேன்.