பலகைப் பாலம் வரைக்கும் வந்த ஆம்புலன்ஸ்

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. எனக்கு அப்போது பதினேழு வயது. டவுனில் ஆங்கிலப் பள்ளியில் ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அவ்வளவு தூரம் படித்தவள் நான் ஒருத்திதான். மருந்துப் புட்டியில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் படித்துச் சொல்ல நான், விண்ணப்பப் பாரம் நிரப்ப நான். எதற்கெடுத்தாலும் என்னைக் கூப்பிடுகிறார்களே என்று சலித்துக்கொள்வேன். கூப்பிடாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் எங்கள் பாடப்புத்தகத்தில் ஆங்கிலத்தில் வழி கேட்பது, வழி சொல்வது பற்றி ஒரு பாடம் இருந்தது. ஓர் ஊரின் படம் போட்டிருக்கும். தபால் நிலையம், வங்கி, கடைகள் எல்லாம் கட்டம் கட்டமாக ஒழுங்காக நிற்கும். நேரே போங்கள், இடது பக்கம் திரும்புங்கள், தபால் நிலையத்துக்கு எதிரே என்று சொல்ல வேண்டும். அதில் வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண். எங்கள் தோட்டத்தில் தபால் நிலையமும் கிடையாது, வங்கியும் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பர் மரம்தான்.

ஒரு விடுமுறை நாள் காலையில் என் அண்ணிக்குப் பிரசவ வலி எடுத்தது. முதல் பிள்ளை. மருத்துவச்சி பார்த்துவிட்டு, "பிள்ள குறுக்கால கெடக்கு. இது என் கையில இல்ல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க" என்று சொல்லிவிட்டார். வேண்டிய நேரத்தில் யார்தான் இருக்கிறார்கள்? தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெஸர் கல்யாணத்துக்குத் தைப்பிங் போய்விட்டார். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஊரில் இல்லை. தோட்ட மேனேஜர் துரையின் கார் ஈப்போவில். தோட்டத்து லோரி சக்கரம் கழற்றிய நிலையில் பட்டறையில் கிடந்தது. மிச்சம் இருந்தது ஆபீஸ் டெலிபோன் ஒன்றுதான்.

காவலாளி கதவைத் திறந்துவிட்டார். நான் உள்ளே போனேன். என் பின்னாலேயே லயமே கிளம்பி வந்து ஜன்னலில் நின்றுகொண்டது. என் அண்ணன், பக்கத்து வீட்டு அக்கா, லோரி டிரைவர் அண்ணன் என்று பத்துத் தலை. இவர்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. "நல்லா இங்கிலீஸ்ல பேசு தங்கச்சி. அப்பதான் மதிப்பாங்க" என்றார் லோரி டிரைவர்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் எடுத்தார். லைன் ஒரே கரகரப்பு. நான் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். எப்படி வர வேண்டும் என்று அவர் கேட்டார். நான் ஆரம்பித்ததும் என் பேச்சிலேயே கண்டுகொண்டார் போலிருக்கிறது.

"தமிழாம்மா நீங்க? தமிழ்லயே சொல்லுங்க. டிரைவரும் நம்ம ஆளுதான், பக்கத்துலதான் நிக்கிறாரு."

பரவாயில்லை, நானே விளக்குகிறேன் என்று ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன். ஜன்னலில் பத்துப் பேர் நிற்கும்போது தமிழுக்கு இறங்கிவர எனக்கு மனசு வரவில்லை. லயத்தில் அண்ணி துடித்துக்கொண்டிருக்கிறாள், எனக்கு இது ஒரு கேடு! தார் போட்ட பெரிய சடக்கில் மூன்றாவது மைல்கல், சீனர் மளிகைக் கடை தாண்டி இடது பக்கம், செம்மண் பாதையில் நேரே போனால் பாலம், பாலம் தாண்டினால் ரப்பர் புகை போடும் கொட்டகை, அதற்கு வலது பக்கம் எங்கள் லயம் என்று ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டு நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

"தண்ணி மாதிரி பேசுதுலா" என்று லோரி டிரைவர் தலையை ஆட்டி ரசித்தார். அண்ணனுக்கு அந்த வேதனையிலும் முகத்தில் ஒரு பெருமை.

அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. அண்ணியின் சத்தம் லயம் முழுக்கக் கேட்டது. அண்ணன் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். "வாரேன்னு சொன்னாங்களா இல்லையா?" என்று என்னையே பத்துத் தடவை கேட்டார். அப்போது ஹாரன் சத்தம் கேட்டது. ஆனால் சடக்குப் பக்கம் இல்லை, ஓடைப் பக்கம்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். அக்கரையில் ஆம்புலன்ஸ் நிற்கிறது. நடுவில் பாலம். பாலம் என்றால் என்ன, இரண்டு பலகை! சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம், எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். நான் தினமும் பள்ளிக்குப் போகிற குறுக்கு வழி அது. லோரி வருகிற சடக்கு இரண்டு மைல் சுற்றி, வேறு வாசல் வழியாக வரும். அது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் வழி என்று கேட்டதும் என் வாயில் வந்தது நான் நடக்கிற வழி.

"யார்லா வழி சொன்னது?" என்று அக்கரையிலிருந்து டிரைவர் கத்தினார்.

"எந்தங்கச்சி சரியாத்தான் சொன்னுச்சு. உங்களுக்கு இங்கிலீஸ் புரியலன்னா அது என்ன பண்ணும்?" என்று அண்ணன் திருப்பிக் கத்தினார். கூட வந்தவர்களும் அதையே சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பழி அவர் மேல் போகிறதே என்று அந்த ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

டிரைவர் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். நான் சொன்னதை ஒவ்வொன்றாகத் தமிழில் படித்தார். கடை, செம்மண் பாதை, பாலம். எல்லாரும் பாலத்தைப் பார்த்தார்கள். லோரி டிரைவர் என் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பாலத்தையா சொன்ன? நான் ஜன்னல்லதானே நின்னேன். தமிழ்ல சொல்லியிருந்தா அங்கயே கத்தியிருப்பேன்லா!"

வண்டியைப் பின்னால் எடுத்துச் சுற்றி வந்தால் இன்னும் நேரமாகும், தூக்கி வருவதுதான் சீக்கிரம் என்றார் ஆம்புலன்ஸ் டிரைவர். அண்ணியைக் கேன்வாஸ் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தார்கள். பாலத்தில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர்தான் நடக்க முடியும். அதனால் டிரைவரும் அண்ணனும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இரண்டு பக்கமும் கட்டிலைத் தாங்கினார்கள். தாங்கிக்கொண்டே அங்கேயும் சண்டை. நடு ஓடையில் அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு, "சண்டைய அப்புறமா போடுங்கலா, மொதல்ல என்னைக் கரை சேருங்க!" என்று கத்தியதும்தான் அடங்கினார்கள்.

ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. இருவரும் பிழைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்றார் டாக்டர். அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார். அதை அண்ணனுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவளும் நான்தான். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

வெளியே டிரைவர் சக்கரத்துச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையதுதான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். "பிள்ள நல்லா இருக்கா? அது போதும். என் செருப்பு ஒண்ணு உங்க ஓடையில போச்சு. கெடச்சா எடுத்து வைம்மா" என்றார். மறுநாள் முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை.

அண்ணன் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். எனக்கு ஈப்போவில் ஒரு கம்பெனியில் டெலிபோன் எடுக்கிற வேலை. தினமும் நாலு பேருக்காவது ஆங்கிலத்தில் வழி சொல்கிறேன். முதலில், எதில் வருகிறீர்கள் என்று கேட்பேன். தமிழ்க் குரல் என்றால் தமிழுக்கு மாறிவிடுவேன். எந்த மொழியில் சொன்னாலும் பக்கத்து மேசைக்காரருக்குக் கேட்கும்படி சத்தமாகத்தான் சொல்வேன், தப்பென்றால் அவர் திருத்தட்டும் என்று. அன்று ஜன்னலில் நின்ற பத்துப் பேருக்கும் சரியான வழி தெரியும், அவர்கள் வாயை அடைத்து வைத்தது என் ஆங்கிலம்தான் என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் கோபமாக வருகிறது.