டின்னுக்கு ஓட்டை போட்ட ரங்கசாமி

ரங்கசாமி செத்துப்போய்விட்டான் என்று ஜாசின் பஸ்ஸில் வந்த ஒருவர் சொன்னார். செத்தவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசணும் கரீமா என்கிறார் என் வீட்டுக்காரர் அப்துல் முத்தலிப். அவருக்கென்ன, அவர் யாரைப் பற்றியும் நல்லதாகத்தான் பேசுவார். நானும் யோசித்துப் பார்த்தேன். ரங்கசாமிக்குக் கையெழுத்து அழகாக இருக்கும். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மீதியை உள்ளது உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

அவன் அப்பா மலாக்காவில் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணி. மகன் பள்ளிக்கூடத்தில் தேறவில்லை. புலாவ் செபாங் ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கும் வேலைக்குச் சேர்த்துவிட்டார். அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, அவருடைய தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் உலாத்தியிருக்கிறான். அன்றைக்கே துரத்தினார்கள். ஜப்பான்காரன் வந்தான், அவனுக்கு இடுப்பு ஒடியக் குனிந்தான். வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், அவனுக்கும் குனிந்தான். தனக்கு மேலே யார் என்று தெரிந்துவிட்டால் போதும், உடனே கீழே யார் இருக்கிறார்கள் என்று தேடக் கிளம்பிவிடுவான்.

தேடியது மலாயா அவசரகாலத்தில் கிடைத்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்த நேரம் அது. அரிசிக்கு அளவு. கடையில் டின் சாமான் வாங்கினால் அதற்கு ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டை போட்ட டின் கெட்டுவிடும், யாரும் பதுக்கி வைக்க முடியாது, அதுதான் கணக்கு. செர்காம் கடற்கரையில் எங்கள் கடைக்கு எதிரே, படகுகள் கிளம்பும் இடத்தில் ஒரு சோதனைச் சாவடி போட்டார்கள். ஊர்க்காவல் படையில் சேர்ந்திருந்த ரங்கசாமியை அதில் உட்கார வைத்தார்கள். ஒரு மேசை, ஒரு தொப்பி, மரப்பிடி போட்ட நீள ஆணி ஒன்று. மனிதனுக்குத் தலைகால் புரியவில்லை.

மற்ற இடங்களில் கடைக்காரர்களே டின்னின் ஓரத்தில் சின்னதாக ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் கரையில் அது நடக்காது. “பாய், அந்த வேலையை என்கிட்ட விட்ருங்க” என்று சொல்லிவிட்டான். டின்னை வாங்கித் தட்டிப் பார்ப்பான். பெயரைக் கேட்பான், ஊரைக் கேட்பான், நேற்றும் அதே ஆளிடம் கேட்டிருப்பான், இன்றும் கேட்பான். பிறகு ஆணியை ஓங்கி மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கத்தில் ஒன்று. மூன்று ஓட்டை. சட்டம் கேட்டது ஒன்றுதான். மீதி இரண்டும் இவன் போட்ட தானம்.

மீன்காரர்கள் திட்டிக்கொண்டே போனார்கள். அவர்களுக்கு மத்தி டின் இல்லாவிட்டால் கடலில் மீன் இருக்கிறது. முத்தாயிக்கு என்ன இருந்தது?

செர்காமுக்கு எதிரே இருந்த தீவில் தோட்டத் துரைமார்கள் ஓய்வெடுக்க ஒரு பங்களா உண்டு. முத்தாயியின் புருஷன் சாமிக்கண்ணு அங்கே எடுபிடி வேலை செய்தான். முத்தாயிக்குக் காய்ச்சல் வந்து மார்பில் பால் நின்றுவிட்டது. கையில் ஆறு மாதப் பெண் பிள்ளை, அஞ்சலை. தீவிலிருந்து வாரத்துக்கு ஒரு படகுதான் வரும். அதில் வந்து எங்கள் கடையில் இரண்டு டின் பால் வாங்கிப் போவாள். முதல் டின் தீருகிறவரைக்கும் பிள்ளைக்குப் பால். இரண்டாவது டின்னில் அதற்குள் கடல் தண்ணீர் தெறித்து, எறும்பு ஏறி, வெயிலில் புளித்துப்போயிருக்கும். கொட்டவும் மனசு வராமல் வடிகட்டிக் கொடுத்தாள். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. ஜாசின் ஆஸ்பத்திரியில் காட்டியதற்கு, இன்னொரு தடவை கெட்ட பால் உள்ளே போனால் பிள்ளை தங்காது என்று நர்ஸ் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரம் முத்தாயி சாவடியில் நின்று கெஞ்சினாள். நான் கடைவாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அண்ணே, ஒன்ன மட்டும் குத்துங்க. இன்னொன்ன அப்படியே விட்ருங்கண்ணே. புள்ள செத்துரும்ணே.”

“சட்டம்னா சட்டம்லா. ஒனக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணா?”

“அப்ப ஒரு ஓட்டை மட்டும் போடுங்க. மெழுகு வச்சு அடச்சுக்கிறேன்.”

“அடைக்கப் போறியா? அப்ப யாருக்கு எடுத்து வைக்கப் போற நீ?” என்று கேட்டான் அந்தப் படுபாவி. இடுப்பில் இருந்த பிள்ளையை ஒரு பார்வை பார்த்தான். அது அழக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. இரண்டு டின்னிலும் மூன்று மூன்று ஓட்டை போட்டுக் கொடுத்தான்.

“நீ நல்லா இருப்பியாடா?” என்று கத்தினேன். “பாயம்மா, வேலை நேரத்துல தொந்தரவு பண்ணாதீங்க” என்றான். மேலே பேசினால் கடை லைசென்ஸுக்கு ஆபத்து என்று என் வீட்டுக்காரர் என்னை உள்ளே இழுத்துக்கொண்டார்.

சில நாள் கழித்து ஒரு போலீஸ் துரை சாவடியைப் பார்வையிட வந்தார். சிவந்த மூஞ்சி, கையில் பிரம்பு. எங்கள் எல்லோரையும் நிற்க வைத்து மலாயில் ஒரு பிரசங்கம் செய்தார். இந்தக் கரையைத் தாண்டி ஓட்டை இல்லாத டின் ஒன்றுகூடப் போகக் கூடாது, என் டின்னாக இருந்தாலும் சரி, குத்து என்றார். வெள்ளைக்காரன் வாய்ப்பந்தல் அப்படித்தான் இருக்கும், அது எங்களுக்கு விற்கிற சரக்கு, தனக்கு வைத்துக்கொள்கிற சரக்கு இல்லை என்று மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ரங்கசாமிக்குத் தெரியவில்லை. பூட்ஸைத் தரையில் அடித்து சலாம் வைத்தான். நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தான். “என் டின்னா இருந்தாலும் குத்துன்னாரு. மனுஷன்னா அவரு மனுஷன்.”

அந்த மாதம்தான் கப்பல் விவகாரம் வந்தது. சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்குப் போகும் உல்லாசக் கப்பல் ஒன்று வழியில் ஒரு நாள் தீவில் நிற்கப் போகிறதாம். மலாக்காக் கரை வெறும் சேறு, ஆழம் கிடையாது. பெரிய கப்பலெல்லாம் நடுக்கடலில் நங்கூரம் போட்டுவிடும், ஆட்கள் படகில்தான் கரைக்கு வர வேண்டும். தீவின் மறுபக்கம் மட்டும் கொஞ்சம் ஆழம். அங்கே துரைமார்கள் கடலுக்குள் நீளமாக ஒரு மரப்பாலம் கட்டியிருந்தார்கள். பெரிய கப்பல் அங்கேயும் வராது. இது சின்னது, பாலத்தோடு ஒட்டி நிற்குமாம். வெள்ளைக்காரச் சீமாட்டிகள் செருப்பு நனையாமல் இறங்கி, மரத்தடியில் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்களாம். ஊரில் ராத்திரி ஏழு மணிக்குமேல் தலை நீட்டினால் சுட்டுவிடுவார்கள் என்று நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறோம், இவர்களுக்கு உல்லாசம் கேட்கிறது!

கப்பல் வருவதற்கு முந்தின நாள் காலையில் மலாக்கா டவுனிலிருந்து லாரி வந்தது. பெட்டி பெட்டியாக டின். பன்றி இறைச்சி, மீன், வெண்ணெய், பழம், பழத்தின்மேல் ஊற்றிச் சாப்பிடப் பால். எல்லாம் படகில் ஏற வேண்டும். ரங்கசாமி எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

“பெட்டியைத் திற.”

லாரிக்காரன் சிரித்தான். “என்னண்ணே, இது தொரைமார் சாமான்லா.”

“தொரை என்ன சொல்லிட்டுப் போனாரு தெரியுமா? அவரு டின்னா இருந்தாலும் குத்தணும். நான் குத்தாம விட்டா, நாளைக்கு அவரே தீவுல டின்னைத் திருப்பித் திருப்பிப் பாப்பாரு. ரங்கசாமி வேலை எப்படின்னு அப்பத் தெரியும்.”

“வேணாம்ணே, வம்பாப் போயிரும்.”

“திறடா!”

என் வீட்டுக்காரர் பதறிப்போய் எழுந்தார். “பாவம் கரீமா, நான் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன்.” நான் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். “பேசாம உக்காருங்க. கடமையச் செய்யட்டும்.”

யா அல்லாஹ், என்ன கடமை! ஒவ்வொரு டின்னிலும் மூன்று ஓட்டை. பன்றிக் கொழுப்பு ஒழுகி மேசையெல்லாம் வழிந்தது, நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடைக்குள் போய்விட்டோம். மீன் டின்னைக் குத்தியதில் எண்ணெய் பீறிட்டுச் சட்டையில் அடித்தது. துடைத்துக்கூடக் கொள்ளவில்லை. சாராயப் புட்டி வந்தபோது ஆணியை அதன்மேல் வைத்துப் பார்த்து, கொஞ்ச நேரம் யோசித்து, மனசில்லாமல் விட்டான். எல்லாம் முடிந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கை வீங்கியிருந்தது. முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

மறுநாள் தீவில் நடந்ததைச் சாமிக்கண்ணு பின்னால் சொல்லி நாங்கள் சிரித்த சிரிப்பு! கப்பல் வந்து பாலத்தோடு அழகாக ஒட்டி நின்றதாம். பாட்டுப் பெட்டி, குடை, தொப்பி என்று இறங்கியிருக்கிறார்கள். பெட்டியைத் திறந்ததும் நாற்றம் குடலைப் பிடுங்கியிருக்கிறது. டின் தெரியாத அளவுக்கு எறும்பு. ஒரு சீமாட்டி அங்கேயே வாந்தி எடுத்துவிட்டாள். பிஸ்கட்டும் சாராயமும் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் கப்பலைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

சிரித்து முடித்த பிறகு முத்தாயி ஒன்று சொன்னாள். பெட்டிகளின் அடியில் இருந்த பால் டின்கள் சில, ஓட்டை இருந்தும் கெடாமல் இருந்தனவாம். பிள்ளைக்கு ஒன்று கொடுங்கள் என்று துரைமாரிடம் கையேந்தியிருக்கிறாள். வெளியாளுக்குச் சாப்பாட்டுச் சாமான் கொடுப்பது சட்டப்படி குற்றம் என்று சொல்லி, அவள் கண்ணெதிரே அத்தனையையும் பாலத்திலிருந்து கடலில் கொட்டிவிட்டார்கள்.

கப்பல் போன மறுநாள் காலையில் சாவடியில் ஜீப் வந்து நின்றது. சிவந்த மூஞ்சிக்காரர் இன்னும் சிவந்து இறங்கினார். ரங்கசாமி சலாம் வைத்து, பாராட்டு வாங்க நெஞ்சை நிமிர்த்தி நின்றான். துரை அவன் தொப்பியைப் பிரம்பால் தட்டிவிட்டார். அது சேற்றில் போய் விழுந்தது. “நீங்கதானே, துவான்...” என்று மலாய் மரியாதையோடு ஆரம்பித்தவனை மேலே பேசவிடவில்லை. பங்களா சாமான் மேல் இனிமேல் ஒரு ஆணி பட்டாலும் உன்னைச் சிறையில் போட்டுவிடுவேன் என்று கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். வேலையை மட்டும் பிடுங்கவில்லை. இவனைவிட மலிவாக இப்படி ஒருவன் கிடைக்க வேண்டாமா?

அதற்குப் பிறகு வந்த படகில் முத்தாயி இறங்கினாள். அஞ்சலை தோளில் துவண்டு கிடந்தது. நான் இரண்டு டின் பால் எடுத்துக் கொடுத்து, துரை கத்திவிட்டுப் போனதையும் சொன்னேன். அவள் கூடையில் வைத்துக்கொண்டு சாவடிக்குப் போனாள். பழக்க தோஷத்தில் ரங்கசாமி டின்னை வாங்கி ஆணியை ஓங்கினான்.

“இது பங்களா டின்னு” என்றாள் முத்தாயி.

ஆணி அந்தரத்தில் நின்றது. “பொய் சொல்லாத. இது ஒன் புள்ளைக்கி வாங்குற பாலு.”

“தொரை காப்பிக்கு. அவருதான் வாங்கிட்டு வரச் சொன்னாரு. குத்துறதுன்னா குத்துங்க, நான் போய் சொல்லிக்கிறேன்.”

அவள் பொய் சொல்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். மாதக்கணக்கில் அந்த டின்களைக் குத்தியவன் அவன்தானே. டின்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஜீப் வரும் ரோட்டைப் பார்த்தான். நெற்றியிலிருந்து வேர்வை டின்னின்மேல் சொட்டியது.

“குத்துங்க தம்பி,” என்றேன் நான் வாசலில் இருந்து. “சட்டம்னா சட்டம்லா. குத்திப் பாருங்க.”

என் வீட்டுக்காரர் இந்த முறை என்னை உள்ளே இழுக்கவில்லை. படகில் ஏற நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ரங்கசாமி ஆணியை மெதுவாக மேசைமேல் வைத்தான். வேர்வை பட்ட டின்னைத் தன் சட்டையாலேயே துடைத்தான். “அம்மா, நீங்க புள்ளைய வச்சுக்கிட்டு எப்படித் தூக்குவீங்க, குடுங்க” என்று கூடையை வாங்கி, பூட்ஸோடு சேற்றில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து போய்ப் படகில் வைத்தான். ஒருவர் சிரிக்க ஆரம்பித்ததும் கரையே சிரித்தது.

படகு கிளம்பும்போது அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: “தொரைகிட்ட என்னப் பத்தி நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா.”

முத்தாயி ஓட்டை இல்லாத டின் இரண்டையும் கூடையிலிருந்து எடுத்து, பிள்ளையோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டாள். படகு நகர்ந்தது. அவன் தண்ணீரில் நின்றபடியே விறைத்து ஒரு சலாம் வைத்தான். முத்தாயிக்கு இல்லை. பால் டின்னுக்கு.